நாங்களே காட்டிய தண்ணீர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முத்தியால்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட பிறகு அது இன்னும் நீண்டுவிட்டதாக என் அக்கா சொல்வாள். வருஷக்கணக்கில் உப்புத் தண்ணீரில் குளித்துப் பாருங்கள், உங்களுக்கும் நீளும். எங்கள் தெருக் குழாயில் வருவதில் பருப்பு வேகாது. அதனால் மருந்துக்கடை வேலைக்குப் போவதற்கு முன்னால், ஸ்கூட்டியில் இரண்டு கேன்களை வைத்துக்கொண்டு ஊரைக் குறுக்கே கடந்து, முதலியார்பேட்டையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்க் குடிதண்ணீர் பிடித்து வருவது என் அன்றாட வேலை.

அக்கா வீட்டுப் பின்புறம் ஓர் உறைகிணறு இருக்கிறது. அந்தத் தெருவில் எல்லா வீட்டு ஆழ்துளைப் போரும் ஒவ்வொன்றாக உப்பாகிவிட்டது. கடல் உள்ளே ஏறிவிட்டது என்கிறார்கள். இந்தக் கிணறு மட்டும் எப்படியோ தப்பித்து நிற்கிறது. அத்தான் இறந்த பிறகு அக்கா இதில் மோட்டார் வைத்து, அந்தத் தண்ணீரில் இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறாள். மகளை நர்சிங் படிக்க வைப்பது அந்த மாவுதான். தெருக்காரர்கள் குடிக்க மட்டும் ஆளுக்கொரு குடம் எடுத்துப் போவார்கள். அக்கா யாரிடமும் காசு கேட்டதில்லை. அவர்களும் இந்தக் கிணற்றைப் பற்றி வெளியே வாய் திறந்ததில்லை.

வாய் திறக்காததற்குக் காரணம் உண்டு. தொழிலுக்கு மோட்டார் போட்டு நிலத்தடி நீர் எடுக்க அனுமதி வேண்டும். அக்காவிடம் அது கிடையாது. பக்கத்துத் தெருவில் கேன் தண்ணீர் வியாபாரம் செய்தவர் வீட்டுக்கு ஒருநாள் ஜீப் வந்தது. மோட்டாரைக் கழற்றிப் போரை மூடி சீல் வைத்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து ஜீப் சத்தம் கேட்டாலே அக்காவுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

நான் கேன்களோடு வாசலில் நின்றிருந்த ஒரு காலை நேரத்தில் அதே மாதிரி ஒரு ஜீப் அக்கா தெருவுக்குள் வந்தது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இறங்கினார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஐஸ் பெட்டி, அதற்குள் வெறும் பாட்டில்கள். தண்ணீர் சாம்பிள் எடுக்க வந்திருக்கிறோம் என்றார்கள். எதற்காக என்று அவர்கள் சொல்லவில்லையா, சொன்னது யார் காதிலும் ஏறவில்லையா என்று தெருவில் இன்றுவரை சண்டை ஓடுகிறது. ஏனென்றால் அதற்குள் எதிர்வீட்டு மாமா வெளியே வந்துவிட்டார்.

மாமா எங்களுக்குச் சொந்தமில்லை. தெருவே அவரை மாமா என்றுதான் கூப்பிடும். மில் மூடிய காலத்தில் சங்கத்துக்காக மனு எழுதிப் பழகியவர், பிறகு அந்தக் கையைத் தெருவுக்குக் கொடுத்துவிட்டார். நகராட்சியை இன்னமும் மேரி என்று சொல்கிற தலைமுறை. தெருவுக்கு ஒரு நல்ல தண்ணீர்த் தொட்டி கேட்டு, மேரியில் ஆரம்பித்து மந்திரி வீட்டு வாசல்வரை மனு கொடுத்து அலுத்தவர். இந்த விஷயத்தில் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. அதிகாரி வந்தால் இருப்பதிலேயே மோசமானதைக் காட்ட வேண்டும். ரோடு கேட்டால் பெரிய பள்ளத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். விளக்கு கேட்டால் இருட்டு மூலைக்கு. நல்லதைக் காட்டினோமோ, இதுவே போதும் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அவர் சொல்வதில் தப்பே கிடையாது. இந்த ஊரில் மனு கொடுத்துப் பிழைத்த எல்லாத் தெருவும் அப்படித்தான் பிழைத்தது.

மாமா எங்கள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இத்தினி வருஷம் போட்ட மனுவுக்கு இப்பத்தான் கண்ணு தொறந்திருக்கானுங்க. குடத்தயெல்லாம் உள்ள வையுங்க."

குடங்கள் உள்ளே போயின. அக்கா எனக்குக் கண் காட்டினாள். நானும் கேன்களைக் கொண்டுபோய் கிரைண்டருக்குப் பின்னால் தள்ளிவிட்டு வந்தேன்.

தெருமுனையில் சாக்கடை ஓரம் ஓர் அடிபம்பு நிற்கிறது. அதில் யாரும் தண்ணீர் பிடித்துக் குடித்து நான் பார்த்ததில்லை. எப்போதாவது யாராவது வண்டி கழுவுவார்கள். ஐஸ் பெட்டிக்காரர்களை ஊர்வலம் மாதிரி அங்கே கூட்டிப்போனார்கள். மாமாவே கைப்பிடியைப் பிடித்து அடித்தார். டீ நிறத்தில் வந்தது. தெருப் பெண் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள். இதைக் குடித்துத்தான் எங்கள் பிள்ளைகளுக்கு வயிற்றுவலி என்று இன்னொருத்தி எடுத்துவிட்டாள். அவள் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து குடித்தது அக்கா கிணற்றுத் தண்ணீரை. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

வந்திருந்த பெண் பாட்டிலை மூடிவிட்டு, இந்தத் தெருவில் வேறு கிணறு, நல்ல தண்ணீர் எதுவும் இருக்கிறதா என்று கேட்டாள். பொறுமையாகத்தான் கேட்டாள். தெரு மொத்தமும் அக்கா முகத்தைப் பார்த்தது.

"இல்லீங்களே," என்றாள் அக்கா.

கிணற்றின் மேல் தகரம் போட்டு, தகரத்தின் மேல் உளுந்து காயவைத்திருந்தாள். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு பாட்டிலில் சீட்டு ஒட்டினாள். ஜீப் போனதும் மாமா தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்தார். தொட்டி எந்த மூலையில் வர வேண்டும் என்று அன்றைக்கே பேச்சு நடந்தது.

தொட்டி வரவில்லை. சில மாதங்கள் கழித்துத் நானும் இருக்கும் அக்கா தெரு வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. ஊர் ஓரத்து ஆற்றுக்குத் தெற்கே, பூமிக்கடியில் இருக்கும் பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கும் சோதனைத் திட்டம், அதற்கான மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம், இடம் இன்ன கல்யாண மண்டபம். கூடவே ஒரு சுருக்க அறிக்கை. யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. நான் மருந்துக்கடையில் கூட்டமில்லாத மதியத்தில் திறந்தேன்.

நெய்வேலிப் பக்கம் நிலக்கரி வெட்டுவதைப் பார்க்காதவர் எங்கள் ஊரில் கிடையாது. பெரிய பள்ளம், பெரிய எந்திரம், இரவு பகலாகத் தண்ணீரை இறைத்து வெளியே விடுவார்கள். இது அப்படி இல்லை. இங்கே வெட்டவே மாட்டார்களாம். ஆழமாக இரண்டு துளை போட்டு, நிலக்கரியை அது இருக்கிற இடத்திலேயே கொளுத்துவார்களாம். ஒரு துளை வழியே காற்றையும் நீராவியையும் அடித்து, எரியும்போது வரும் வாயுவை இன்னொரு துளை வழியே மேலே இழுப்பார்களாம். மேலே புகை இல்லை, தூசி இல்லை, பள்ளம் இல்லை என்று பெருமையாக எழுதியிருந்தது. எரிந்த பிறகு அடியில் கிடக்கும் தாரும் நச்சும் எங்கே போகும் என்பதற்கு ஒரே ஒரு பத்தி. எங்கள் பக்கத்து நிலக்கரிக்கு மேலேயும் தண்ணீர், கீழேயும் தண்ணீர். கசிந்தால் தண்ணீரில்தான் கசியும். அதைத்தான் அந்தப் பத்தியும் சுற்றி வளைத்துச் சொன்னது.

அடுத்த பக்கத்தில் எங்கள் அடிபம்பு இருந்தது. படத்தோடு. மாமாவின் கைகூடப் படத்தில் தெரிந்தது. நிறம் இருக்கிறது, நாற்றம் இருக்கிறது, குடிக்கத் தகுதியற்றது. இப்பகுதி மக்கள் இத்தண்ணீரையே குடிக்கிறார்கள், வேறு நல்ல கிணறு இல்லை என்று அவர்களே தெரிவித்தனர். ஆகவே திட்டத்தால் இங்கே நிலத்தடி நீருக்குப் புதிதாகக் கெடுதல் வர வழியில்லை. தண்ணீர் கெடுகிறதா என்று அவ்வப்போது அளந்து பார்க்கும் கண்காணிப்புக் கிணறும் தேவையில்லை.

 ஐஸ் பெட்டியோடு வந்தவர்களை அனுப்பியது நகராட்சி இல்லை, அந்த நிறுவனம் அமர்த்திய ஆய்வுக்கூடம். பரீட்சை எழுதுகிறவனே விடைத்தாளைத் திருத்த ஆள் பிடித்த கதை. அப்படித்தான் நடைமுறையாம். அரசாங்கம் அந்த விடைத்தாளை வாங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போடும். அவர்களைத் திட்டலாம் என்றாலும் முழுசாக முடியவில்லை. அவர்கள் பொய் எழுதவில்லை. நாங்கள் சொன்னதைத்தான் எழுதியிருந்தார்கள்.

வேலை முடிந்ததும் நேராக முதலியார்பேட்டைக்கு விட்டேன். மாமாவை அக்கா வீட்டுக்கே வரச்சொல்லிச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மாமா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெட்டதக் காட்டுனாத்தானம்மா நல்லது தருவானுங்க," என்றார். கேட்கவே சங்கடமாக இருந்தது. கூட்டத்தில் போய் அறிக்கை பொய் என்று சொல்லிவிடலாம் என்றார். எப்படிப் பொய்? படத்தில் அவர் கையே இருக்கிறது. அறிக்கையை உடைப்பதற்கு ஒரே வழிதான் இருந்தது. அந்தத் தெருவில் நல்ல தண்ணீர் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அது இருப்பது ஒரே ஒரு வீட்டில்.

இரண்டு பேரும் அக்காவைப் பார்த்தோம். அவள் மாவுப் பாக்கெட் கட்டுவதை நிறுத்தவே இல்லை.

"என்னப் பாக்காதீங்க," என்றாள்.

அப்புறம் நடந்தது சண்டை. கிணறு கெட்டுப்போனால் யாரிடம் போய்க் கேட்பாய் என்றேன். இல்லாத கிணறு எப்படிக் கெடும் என்பார்களே, அப்போது என்ன செய்வாய் என்றேன். அவள் சீல் வைத்த கேன் தண்ணீர்க்காரரைச் சொன்னாள். அவர் இப்போது ஒரு துணிக்கடையில் காவலுக்கு நிற்கிறார். கெடுமா கெடாதா என்று தெரியாத ஒன்றுக்காக, இன்றைக்குச் சோறு போடுவதைத் தூக்கிக் கொடுக்கச் சொல்கிறாயே என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அது தெரிந்ததால் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. சுயநலக்காரி என்று சொல்லிவிட்டேன்.

அக்கா பாக்கெட்டைக் கீழே வைத்தாள். "நீ மாசம் பொறந்தா சம்பளம் வாங்குறவ. எனக்கு இந்தக் கெணறுதாண்டி புருஷன். பேசாம போ."

அதற்குப் பிறகு கூட்டம் நடக்கும் நாள்வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. காலையில் போவேன், கேனை வைப்பேன். அவள் மோட்டார் போடுவாள். கேன் நிரம்பியதும் எடுத்துக்கொண்டு கிளம்புவேன். போகும்போதெல்லாம் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. வெறும் கண்ணுக்கு எது தெரியப் போகிறது?

கல்யாண மண்டபத்தில் முந்தைய நாள் கல்யாணத்தின் பூத்தோரணம் இன்னும் பிரிக்கப்படாமல் தொங்கியது. மணமக்கள் உட்கார்ந்த மேடையில் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் போலீஸ். எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என் பக்கம் வராமல் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். வேடிக்கை பார்க்க வந்தவள் மாதிரி முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

ஆற்றுக்குத் தெற்கேயிருந்து வந்த விவசாயிகள் முதலில் பேசினார்கள். அடியில் தீ வைத்தால் அணைப்பது யார் என்று ஒருவர் கேட்டார். காற்றை நிறுத்தினால் தீ தானாக அணைந்துவிடும் என்று நிறுவனத்தின் நிபுணர் சொன்னார். நல்ல தமிழில், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி பதமாகப் பேசினார். தண்ணீரைப் பற்றிக் கேட்டதும் திரையில் எங்கள் அடிபம்பு வந்தது.

மாமா மைக்கைப் பிடித்தார். எத்தனையோ கூட்டத்தில் பேசியவர், அன்றைக்குத் தடுமாறினார். அந்தத் தண்ணீரை நாங்கள் குடிப்பதில்லை என்றார். அப்படியானால் ஏன் காட்டினீர்கள் என்று கேட்டார் நிபுணர். தொட்டி வரும் என்று நினைத்தோம் என்றார் மாமா. மண்டபம் சிரித்தது. அக்கா தெருக்காரர்களே சிரித்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மேடை நடுவில் இருந்த பெரிய அதிகாரி சிரிக்கவில்லை. நல்ல நீர் உள்ள கிணறு அந்தப் பகுதியில் இருக்கிறதா, இருந்தால் எங்கே, யாருடையது, இப்போதே சொன்னால் பதிவு செய்யச் சொல்கிறேன் என்றார். மாமா கடைசி வரிசைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் எழுந்து சொல்லியிருக்கலாம். ஆனால் அது என் கிணறு இல்லை. என் வாய் எவ்வளவு நீளமானாலும் அந்த வார்த்தையைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. அதிகாரி அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னார். மாமா கையிலிருந்து மைக்கை வாங்க ஆள் வந்துவிட்டான்.

பின்னாலிருந்து நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது.

அக்கா நடந்துவந்து மைக்கை வாங்கினாள். பிடிக்கத் தெரியாமல் வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல கெணறு இருக்குது சார். என் வூட்ல. தெருவே அதுலதான் குடிக்குது."

நிபுணர் அறிக்கையைப் புரட்டினார். ஆய்வுக்கு வந்தபோது கேட்டதற்கு இல்லை என்றீர்களே என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

"பயந்துக்கினு சொன்னேன் சார். அதுல மோட்டார் வச்சு மாவு அரைச்சு விக்கிறேன். அனுமதி வாங்கல. அதான் சொல்லல. இப்ப சொல்றேன். வந்து எடுத்துப் பாருங்க."

 வீடியோக்காரர் அவள் முகத்துக்குக் கிட்டே போனார். பெரிய அதிகாரி எழுதுகிறவரைப் பார்த்து, இரண்டையும் பதிவு செய்யுங்கள் என்றார். இரண்டையும் என்று அவர் சொன்னது எனக்கு அப்போது உறைக்கவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன்.

இந்தத் தடவை அரசாங்க ஆய்வுக்கூடத்திலிருந்தே வந்தார்கள். தெருவே அக்கா வீட்டுப் பின்புறம் கூடியது. மாமா பழக்கதோஷத்தில், "சார், எங்க தெருவுல தண்ணி ரொம்ப..." என்று ஆரம்பித்தார். நான் அவர் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினேன். பாதியில் நிறுத்திக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக எங்கள் தண்ணீர் நல்லது என்று ஒருவன் எழுத வேண்டுமே என்று நாங்கள் சாமியைக் கும்பிட்டோம். வீராம்பட்டினத்து அம்மனுக்கு நான் புடவைகூட வேண்டிக்கொண்டேன்.

நல்லது என்றுதான் எழுதினார்கள். குடிக்கத் தகுந்தது. நிலக்கரிச் சோதனைத் திட்டத்துக்கு அரசாங்கம் அனுமதி கொடுத்தபோது போட்ட நிபந்தனைகளில் அக்கா தெருவும் வந்தது. அக்கா கிணறு கண்காணிப்புக் கிணறாயிற்று. ஒருவர் வந்து கிணற்றின் உறையில் நீலப் பெயின்டால் எண் எழுதிவிட்டுப் போனார். அக்கா அன்றைக்கு அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள்.

இரண்டாவதாகப் பதிவானதும் பின்னாலேயே வந்தது. அனுமதியில்லாத மோட்டாரைக் கழற்ற வேண்டும். கழற்றினோம். அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டோம். அதற்கு வந்த பதிலைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். கண்காணிப்புக் கிணற்றில் மோட்டார் போடக் கூடாதாம். இறைத்தால் நீர்மட்டம் ஏறி இறங்கி அளவு தப்பாகிவிடுமாம். கையால் சேந்திக் குடிக்கலாம், தொழிலுக்கு எடுக்கக் கூடாது. மோட்டார்தான் வேண்டுமென்றால், கிணற்றைக் கண்காணிப்பிலிருந்து எடுத்துவிடும்படி எழுதிக் கொடுத்துவிட்டு, புதிதாக விண்ணப்பிக்கலாம்.

அக்கா கேன் தண்ணீர் வாங்கி மாவு அரைத்தாள். மாவு பழையபடி பொங்கவில்லை. பழைய வாடிக்கை ஒவ்வொன்றாக நின்றது. கிரைண்டர் ஒருநாள் ஓடும், ஒருநாள் ஓடாது. எனக்குப் பொறுக்கவில்லை. சொல்லச் சொன்னதே நான்தான், இப்போது நானே சொல்கிறேன், அந்த எண்ணை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடு என்றேன். மகள் படிப்பு முடியட்டும், ஊர்க் கவலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

அக்கா கிணற்றின் உறையைத் தொட்டபடி நின்றிருந்தாள். "அத அழிச்சிட்டா, இங்க கெணறே இல்லன்னு மறுபடியும் எழுதுவானுங்க. இல்லன்னு ஒருதபா நானே சொன்னது போதும்டீ."

அவள் இப்போது ஓர் ஓட்டலில் காலை வேளையில் தோசை ஊற்றப் போகிறாள். யாரோ அரைத்த மாவு. போவதற்கு முன்னால் கிணற்றில் கயிறு போட்டுச் சேந்தித் தெருவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவாள். ஆற்றுக்குத் தெற்கே துளை போட்டாகிவிட்டது. கொளுத்திவிட்டார்கள் என்கிறார்கள் சிலர், இன்னும் இல்லை என்கிறார்கள் சிலர். அலுவலகத்தில் கேட்டால் அறிக்கை வரும் என்கிறார்கள். ஐஸ் பெட்டிக்காரர்கள் சில மாதத்துக்கு ஒருமுறை வருகிறார்கள். நடுவில் இருக்கும் நாளெல்லாம் எங்களுக்கு அக்காதான். முதல் வாளியை மேலே இழுத்ததும் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, மோந்து பார்த்து, வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பாள். அதுவரை யாரும் குடத்தை நீட்டுவதில்லை.

முதலில் நீ ஏன் குடிக்கிறாய், எனக்குக் கொடு என்று ஒருநாள் சண்டை போட்டுப் பார்த்தேன். அவள் காதில் வாங்கவில்லை.

இன்று காலையும் போனேன். அவள் வாயில் வைத்த தண்ணீரை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தாள்.  மாமா கண்ணாடியைக் கழற்றினார். நான் கேன் மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா விழுங்கினாள். வாளியை என் பக்கம் சாய்த்தாள்.

"புடி," என்றாள்.